இருசக்கர வாகனம் ஓட்டுவதை எப்போது நிறுத்துவது?
முதியோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை நீளும் பள்ளத்தாக்கில் பெரும்பாலோருக்கு வீடு ஊருக்குள்ளும் நிலம் ஊருக்கு வெளியிலும் அமைந்திருக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் திருப்புவதற்கும், திராட்சைப் பந்தலைப் பார்த்து வருவதற்கும், மாட்டுத் தீவனக் கட்டை ஏற்றி வருவதற்கும், பால் கேனைக் கொண்டு சேர்ப்பதற்கும் இருசக்கர வாகனமே துணை. ஆகவே 70 வயதைக் கடந்த ஒருவர் அதிகாலையில் டி.வி.எஸ். 50 வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ தோட்டத்துக்குப் புறப்படுவது இங்கு அன்றாடக் காட்சி.

"அப்பா இனிமேல் வண்டி ஓட்டலாமா, டாக்டர்?" என்னும் கேள்வி புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழுகிறது. அதைப் பெரும்பாலும் மகனோ மகளோ மனைவியோதான் கேட்கிறார்கள். அதுவும் ஒருமுறை கீழே விழுந்து, கட்டுப் போட்ட பிறகே கேட்கிறார்கள். விபத்து நேர்வதற்கு முன்பே, ஓட்டுபவரே இக்கேள்வியைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளவும், குடும்பத்தோடு அமர்ந்து முடிவெடுக்கவும் உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வயதும் உரிமமும்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கு உச்ச வயது வரம்பு எதுவும் இல்லை. 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 55 வயதை எட்டியவருக்கு உரிமம் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தரப்படுகிறது. 40 வயதைக் கடந்தவர் புதுப்பிக்கும்போது மருத்துவரின் சான்றாகிய படிவம் 1அ தேவைப்படும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் சென்றுவிட்டால் மீண்டும் ஓட்டுதல் தேர்வுக்குச் செல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 69 வயதில் புதுப்பித்தவர் 74 வயது வரை செல்லத்தக்க உரிமத்தைக் கையில் வைத்திருப்பார். அந்த 5 ஆண்டுகளில் கண்ணில் புரை விழலாம். சர்க்கரை நோய் கால் நரம்புகளைத் தாக்கலாம். புதிய மருந்துகள் சேரலாம். உரிமம் என்பது சட்டம் தரும் அனுமதி. இன்று காலை இந்தச் சாலையில் ஓட்டுவதற்கு உடல் தகுதியாக இருக்கிறதா என்பதை அந்த அட்டை சொல்லாது.

அதே வேளையில், வயது ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவரை நிறுத்துவதும் முறையன்று. 60 வயதில் தகுதி இழந்தவரும் உண்டு. 76 வயதில் பகல் நேரத்தில் பத்திரமாகச் சென்று வருபவரும் உண்டு. எனவே முடிவு செய்ய வேண்டியது வயதை வைத்து அன்று. கண், காது, கழுத்து, கை, கால், மூளை ஆகியவற்றின் செயல்திறனையும், செல்லும் சாலையையும் நேரத்தையும் வைத்தே.

உடலில் நிகழும் மாற்றங்கள்

கண்: 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கண்மணி சுருங்குவதும் விழிவில்லை மங்குவதும் இதற்குக் காரணம். இதனால் அந்தி நேரத்தில் சாலையோரம் நடப்பவரும், பின்விளக்கு இல்லாத டிராக்டரும் தாமதமாகவே கண்ணுக்குப் புலப்படுவர். கண்புரை இருப்பின் எதிர்வண்டியின் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். கூச்சம் தணிந்து பார்வை திரும்பவும் நேரமாகும். கிளாக்கோமா என்னும் கண் நீரழுத்த நோய் நேர்ப்பார்வையை விட்டுவிட்டுப் பக்கப் பார்வையை மெல்லக் குறைக்கும். தெளிவாகப் படிக்க முடிகிறதே என்று நோயாளி எண்ணிக்கொண்டிருக்க, பக்கவாட்டிலிருந்து வரும் வண்டி மட்டும் திடீரென முளைத்ததுபோல் தோன்றும்.

காதும் கழுத்தும்: பின்னால் வரும் பேருந்தின் ஒலியைக் காது தவறவிட்டால், அந்தக் குறையைக் கழுத்து ஈடுசெய்ய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவரால் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க இயலாது. வலப்புறம் திரும்பும்போது நேரும் மோதல்களுக்கு இந்த இரு குறைகளும் சேர்ந்து வழிவகுக்கின்றன.

கையும் காலும்: பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் முன் பிரேக்கை வலக்கை பிடிக்கிறது, பின் பிரேக்கை வலக்கால் மிதிக்கிறது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, கால் மிதியில் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது சரியாகத் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததையே உணராமல் வீடு வந்து சேர்வோர் உண்டு. இது வேடிக்கையன்று, நரம்புச் சேதத்தின் அடையாளம். மேலும் வழக்கமான மோட்டார் சைக்கிள் ஒன்றின் எடை 110 கிலோவுக்கு மேல். வண்டி நின்ற நிலையில் சற்றுச் சாயும்போது அதை ஒரு காலால் தாங்கும் வலிமை முழங்கால் மூட்டுக்கும் தொடைக்கும் வேண்டும். முதியோர் பலர் ஓடும் வண்டியிலிருந்து விழுவதைக் காட்டிலும், நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான் தடுமாறுகிறார்கள்.

எதிர்வினை: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க முன்பைவிட அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், வண்டி மேலும் ஐந்தரை மீட்டர் சென்றுவிடும். ஒரு காரின் நீளத்தைக் காட்டிலும் இது அதிகம்.

மருந்துகள்: சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான மாத்திரைகள், நரம்பு வலிக்கான சில மருந்துகள் ஆகியவை மறுநாள் காலை வரை மந்தநிலையை உண்டாக்கக்கூடும். இரத்த அழுத்த மருந்துகளும், புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மருந்துகளும் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலைத் தரலாம். இன்சுலினும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். விடியற்காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு, காலை உணவைத் தள்ளிப்போட்டுத் தோட்டத்துக்குச் செல்லும் வழக்கம் இதில் மிகவும் ஆபத்தானது.

விழுந்தால் நேர்வது: இளைஞர் சிராய்ப்போடு எழுந்துவிடும் விழுதலில் முதியவருக்கு இடுப்பெலும்பு முறியலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்குத் தலையில் பட்ட சிறு அடியும் உள்ளே கசிவை ஏற்படுத்தலாம். அக்கசிவு சில நாள்கள், சில வேளை சில வாரங்கள் கழித்தும் தலைவலியாகவோ குழப்பமாகவோ நடைத் தடுமாற்றமாகவோ வெளிப்படும். எனவே இம்மருந்துகளை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் சாலைகள்

உடல்நிலை ஒருபுறம் இருக்க, நாம் ஓட்டும் சாலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக அமைந்தது. காலையில் கம்பத்திலிருந்து தேனியை நோக்கிச் செல்பவருக்கும், மாலையில் தேனியிலிருந்து கம்பத்துக்குத் திரும்புபவருக்கும் வெயில் முகத்திலேயே அடிக்கும். புரை உள்ள கண்களுக்கு இது இரவுக்கு நிகரான இடர்.

ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வீசும் காற்று, இலகுவான வண்டியை ஒருபுறமாகத் தள்ளும். மலையடிவார ஊர்களில் சாரல் நனைத்த தார்ச்சாலை வழுக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வாகனங்கள் இரவும் பகலும் இவ்வழியே விரைகின்றன. கம்பம்மெட்டுச் சாலையிலும் போக்குவரத்து பெருகுகிறது. புறவழிச்சாலையை ஊர்ச்சாலை குறுக்கிடும் இடங்களில், தொலைவில் வரும் காரின் வேகத்தைச் சரியாகக் கணிப்பது இளைஞருக்கே எளிதன்று. போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே "வண்டி ஓட்டலாமா?" என்னும் ஒரே கேள்வியைப் பிரித்துக் கேட்பதே சரி. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த மாதத்தில், யாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டலாம்?

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

கீழ்க்காணும் நிலைகளில் மருத்துவர் மீண்டும் அனுமதிக்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது.

1. வலிப்பு, மயக்கம், நினைவிழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஏற்பட்டிருத்தல். உரிமத்துக்கான சுய அறிவிப்பாகிய படிவம் 1 இதைப் பற்றிக் கேட்கிறது.
2. பக்கவாதம், அல்லது சில நிமிடங்களில் சரியாகிவிட்ட கை கால் பலவீனமும் பேச்சுக் குழறலும். ஐக்கிய இராச்சியத்தில் இத்தகையோர் குறைந்தது 1 மாதம் ஓட்டக் கூடாது என்பது விதி. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுவது பெருந்தவறு.
3. சர்க்கரை குறைந்து பிறர் உதவி தேவைப்பட்ட நிகழ்வு.
4. ஒரு கண்ணில் திடீர்ப் பார்வை இழப்பு, அல்லது இரட்டைப் பார்வை.
5. மாரடைப்பு, இதய அறுவை, கண் அறுவை, மூட்டு மாற்று அறுவை ஆகியவற்றுக்குப் பின்னான ஓய்வுக்காலம். எத்தனை நாள் என்பதை வீட்டுக்கு அனுப்பப்படும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
6. பழகிய சாலையில் வழி தெரியாமல் நின்றது, அல்லது பிரேக்கையும் கியரையும் மாற்றி மிதித்தது. இவை மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

இவற்றுள் பல தற்காலிகமானவை. கண்புரை அறுவைக்குப் பின் பார்வை தெளியும். மருந்தை மாற்றினால் தலைச்சுற்றல் நிற்கும். இயன்முறைப் பயிற்சியால் கழுத்தும் முழங்காலும் ஓரளவு சீர்படும். எனவே என்றென்றைக்குமாக நிறுத்திவிடுவதற்கு முன், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்துகொள்வதே முதல் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கண் பரிசோதனை செய்துகொள்வதும், எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுவதும் இதில் அடங்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்

இச்சோதனைகளை ஒருவர் துணையோடு, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

எண் பலகை: 25 மீட்டர் தொலைவில், அதாவது சுமார் 35 முதல் 40 அடிவைப்புகளுக்கு அப்பால் நிற்கும் காரின் எண்ணைக் கண்ணாடி அணிந்து படியுங்கள். படிவம் 1 இல் கேட்கப்படும் அளவும் இதுவே.

கழுத்து: முக்காலியில் நேராக அமருங்கள். உங்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒருவர் நின்று விரல்களைக் காட்டட்டும். உடலைத் திருப்பாமல், கழுத்தை மட்டும் திருப்பி எத்தனை விரல் என்று சொல்ல இயல்கிறதா?

கால் வலிமை: கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள்.

சமநிலை: சுவரருகே நின்று ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க முடிகிறதா? துணைக்கு நிற்பவர் பிடிக்கத் தயாராக இருக்கட்டும்.

பாதம்: கண்களை மூடிப் படுத்திருங்கள். ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒருவர் விரல் நுனியால் மெதுவாகத் தொடட்டும். மொத்தம் 6 தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வண்டி: எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். பத்தடி பின்னோக்கித் தள்ளுங்கள். மூச்சு வாங்காமல், பிறர் கைகொடுக்காமல் செய்ய முடிகிறதா?

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் ஓட்டத் தகுதி உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆனால் இரண்டு மூன்றில் தடுமாற்றம் இருந்தால், அது மருத்துவரிடம் பேச வேண்டிய வேளை. இவற்றோடு, கடந்த 3 மாதங்களில் வண்டியில் ஏற்பட்ட புதிய கீறல்கள், நூலிழையில் தப்பிய நிகழ்வுகள், நின்ற இடத்திலேயே சாய்ந்த தடவைகள், அணைக்க மறந்த இண்டிகேட்டர், பிற ஓட்டுநர்களின் கூச்சல் ஆகியவற்றையும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அவர் ஓட்டும் வண்டியில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வருகிறதா? வரவில்லையென்றால், அவரை மட்டும் தனியே அனுப்புவதும் சரியன்று. பின்னிருக்கையில் ஒருபக்கமாகக் கால்போட்டு அமர்ந்து செல்லும் அவருடைய மனைவியும் அதே இடரில்தான் இருக்கிறார்.

படிப்படியாகக் குறைத்தல்

உடனே நிறுத்த வேண்டிய நிலை இல்லாதவர், ஒரே நாளில் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. படிகளாக இறங்கலாம்.

முதற்படி: இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் ஓட்டுவதில்லை.
இரண்டாம் படி: மலைப்பாதையும், மழை மற்றும் பலத்த காற்று நாள்களும் இல்லை.
மூன்றாம் படி: நெடுஞ்சாலையும் புறவழிச்சாலையும் இல்லை, ஊர்களுக்கிடையே பேருந்து.
நான்காம் படி: பின்னால் எவரையும் ஏற்றுவதில்லை, சுமையும் இல்லை.
ஐந்தாம் படி: ஊருக்குள், பகலில், பழகிய இரண்டொரு வழிகள் மட்டும்.
ஆறாம் படி: முழுவதுமாக நிறுத்துதல்.

ஒவ்வொரு படியையும் தேதியிட்டு எழுதி வைத்து, 3 அல்லது 6 மாதங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு மறுபார்வை செய்யுங்கள். எந்த அடையாளம் தெரிந்தால் அடுத்த படிக்கு இறங்குவது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். "இன்னொரு முறை வண்டி சாய்ந்தால் பின்னால் யாரையும் ஏற்றமாட்டேன்" என்று அவரே சொல்லி எழுதியது, பின்னாளில் பிறர் சொல்லும் எந்தச் சொல்லையும்விட அவரைக் கட்டுப்படுத்தும்.

கியர் வண்டியை விட்டு ஸ்கூட்டருக்கு மாறலாமா என்று பலர் கேட்கின்றனர். இரு பிரேக்குகளும் கையில் இருப்பதால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அது நன்மை தரும். ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. பள்ளத்தில் எளிதில் தடுமாறும். நாற்பது ஆண்டுகள் காலால் பிரேக் மிதித்துப் பழகியவர், அவசரத்தில் இல்லாத மிதியைத் தேடக்கூடும். எனவே மாறுவதாயின் உடல் நன்றாக இருக்கும்போதே மாறிப் பழகிக்கொள்ள வேண்டும். பக்கச் சக்கரம் பொருத்துவோர், அம்மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்வது அவசியம்.

சாவியைக் கேட்பதற்கு முன்

வண்டி என்பது முதியவருக்குப் போக்குவரத்துக் கருவி மட்டுமன்று. எவரையும் எதிர்பாராமல் தோட்டத்துக்குச் செல்வதும், டீக்கடையில் நண்பர்களைக் காண்பதும், கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் சொந்தக் காலில் போய்வருவதும் அவருடைய மதிப்பின் பகுதி. கார் ஓட்டுவதை நிறுத்திய முதியோரிடையே மனச்சோர்வு கூடுவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கும் வண்டியை இழந்தவர் திண்ணையிலேயே முடங்கி, நடை குறைந்து, உடல் மேலும் தளர்வதைக் காண்கிறோம். ஆகவே சாவியை வாங்குவதற்கு முன், அந்த வண்டி செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜப்பான் நாட்டில் 1998 முதல் முதியோர் தாமாக முன்வந்து உரிமத்தைத் திருப்பித் தரும் முறை உள்ளது. தந்தவர் தம் ஓட்டுநர் வரலாற்றைச் சொல்லும் சான்றிதழைப் பெறலாம். பல இடங்களில் பேருந்து, டாக்சி கட்டணச் சலுகையும் உண்டு. ஒன்றை வாங்கும்போது மதிப்போடு வேறொன்றைத் தர வேண்டும் என்னும் அக்கருத்தை நாம் வீட்டளவில் பின்பற்றலாம்.

இதற்கு ஒரு வாரப் பயணக் குறிப்பு உதவும். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் 72 வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நாள்தோறும் காலையில் தோட்டம், மாலையில் டீக்கடையும் கோயிலும், வாரம் ஒருமுறை கம்பம், மாதம் ஒருமுறை தேனியில் மருத்துவம், இடையிடையே திருமணமும் துக்கமும். இவற்றை எழுதினால் எதற்கு என்ன மாற்று என்பது தெளிவாகும். டீக்கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே செல்லலாம். மருத்துவரும் அதைத்தான் சொல்வார். தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரரோடு செல்லலாம், அல்லது பழகிய ஆட்டோ ஒன்றை மாதக் கணக்கில் பேசலாம். கம்பத்துக்கும் தேனிக்கும் பேருந்து உண்டு; பேருந்தில் ஏற முழங்கால் இடங்கொடுக்காவிட்டால் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளலாம். மதுரைக்கு மேல்சிகிச்சைக்குச் செல்வோருக்கு 2022 இல் தேனி வரையிலும், 2023 இல் போடி வரையிலும் மீண்டும் வந்த ரயில் பெரும் உதவி. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே பெறலாம். அதற்காக வண்டி எடுக்க வேண்டியதில்லை.

செலவையும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, பெட்ரோலுக்கு மாதம் 1,200 ரூபாயும், காப்பீடு, பழுதுபார்ப்பு இரண்டுக்கும் சராசரியாக 500 ரூபாயும் ஆகிறது என்று கொள்வோம். அந்த 1,700 ரூபாயை ஓர் உறையில் போட்டுப் பெரியவரிடமே கொடுத்துவிட்டால், 100 ரூபாய் வீதம் 17 முறை ஆட்டோவில் செல்லலாம். பணம் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒவ்வொரு முறையும் மகனிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தால், அவர் கேட்கமாட்டார்; வண்டியைத்தான் எடுப்பார்.

பேசும் முறை

விபத்து நடந்த அன்றோ, உறவினர் கூடியிருக்கும்போதோ இப்பேச்சைத் தொடங்க வேண்டாம். அவர் மதிக்கும் ஒருவர், தனியாக, பொறுமையாகப் பேசட்டும். "உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "அப்பா, போன வாரம் பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த வேனை நீங்கள் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை ஒருமுறை காட்டிவிட்டு வருவோமா?" இதில் குற்றச்சாட்டு இல்லை; அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறகு அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பெரும்பாலும் அவர் அஞ்சுவது வண்டி போவதை அன்று, பிறருக்குப் பாரமாவதை.

உடன்பாடு எட்டாவிட்டால், முடிவை மருத்துவரிடம் விடுங்கள். "டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்" என்று ஊரில் சொல்வது, "பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்" என்று சொல்வதைவிட ஒருவருக்கு எளிது. அறிவுரையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மறதி நோய் முற்றியவரிடம் மட்டும் இம்முறை பயன்படாது. தம் குறையைத் தாமே உணர இயலாத நிலை அது. அங்கு வாக்குவாதம் வேண்டாம். சாவியை அப்புறப்படுத்துவதும், வண்டியைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும் சரியே.

தொடர்ந்து ஓட்டுவோருக்கு

காலை உணவு உண்ட பிறகே புறப்படுங்கள். இன்சுலினோ சர்க்கரையை மிகவும் குறைக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர், புறப்படும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டுச் செல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் ஓட்டாதீர்கள். அதைச் சரிசெய்து, அளவு இயல்புக்குத் திரும்பிய பின்னும் 45 நிமிடம் காத்திருங்கள். சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

தலைக்கவசம் தோட்டத்துக்குச் செல்லும் இரண்டு கிலோமீட்டருக்கும் வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவருக்கும் வேண்டும். கழன்று விழாத காலணி அணியுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும், வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸில் வருபவருக்கு அது உதவும். உரிமமும் காப்பீடும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் செல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கிடைக்காமல் போகும்.

இவ்வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று, ஏழு நாள் பயணங்களைக் குறித்து வையுங்கள். இரண்டு, மேற்கண்ட சோதனைகளைச் செய்து முடிவை எழுதுங்கள். மூன்று, எந்தப் படியில் இப்போது நிற்கிறீர்கள் என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அந்தத் தாளையும், எல்லா மருந்துகளையும் உடன் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டு பேசினால், பத்து நிமிடத்தில் ஒரு தெளிவான முடிவுக்கு வர இயலும். வரும்போது பேருந்திலோ, பிறர் ஓட்டும் வண்டியிலோ வாருங்கள். கண் பரிசோதனைக்கு மருந்து ஊற்றினால், சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும்.